ஒன்பதாம் பாத்தியின் பட்டினி

மக்காச்சோளமும் அது நிற்கிற கறுப்பு மண்ணுமே என் பிழைப்பு. வடகிழக்குச் சீனாவின் ஜிலினில் எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் பன்னிரண்டு பாத்திகள். ஒன்பதாவதற்கு மட்டும் எருவோ உரமோ போடக் கூடாது. பட்டினி போட்டால் மண் எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்கத்தான். பத்தொன்பது வருடம் சத்து தேய்ந்துகொண்டே வந்த மண், அடுத்த எட்டு வருடம் தேயவில்லை. கறுப்பு மண் ஒரு கட்டத்தில் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதினேன். அந்த ஒரு வரி எனக்கு நாடெங்கும் பெயர் வாங்கித் தந்தது.

குளிர்காலத்தில் நாங்கள் யாரும் பண்ணைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. காவலும் வேலையும் பண்ணையாள் குவானுடையது. அந்த வருடம் எனக்கு விருது அறிவித்தார்கள். படம் எடுக்க ஜனவரியில் போனேன். ஒன்பதாம் பாத்தியின் பனிமேல் பழுப்புக் குவியல்கள். குவான் உறைந்த பன்றி எருவைக் கோடரியால் உடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"பாத்தா தெரியல? சோறு போடுறேன் டீச்சர்."

"எத்தனை வருஷமா?"

"எட்டு இருக்கும். கொஞ்சூண்டுதான்."

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேண்ணே!"

அவர் கோடரியைக் கீழே வைத்தார். "அறுபதாம் வருஷப் பஞ்சத்துல எனக்கு ஒம்பது வயசு. தங்கச்சி கஞ்சி கேட்டுக்கிட்டே செத்தா. மத்த பதினொண்ணுக்கும் ஊட்டிட்டு, இதை வெறுங்கையோட தாண்டிப் போக முடியல. பத்தொம்பது வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். சோளத்தட்டையெல்லாம் சுண்டுவிரல் தண்டிக்கு வந்துருச்சு."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "பனி உருகினா ஒண்ணும் தெரியாது. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

மூன்று நாள் நானும் வாயைத் திறக்கவில்லை. விருது மேல் ஆசைதான், பொய் சொல்வானேன். ஆனால் என் வரியை நம்பி எத்தனை பேர் எரு போடுவதை நிறுத்துவார்கள்? நான்காம் நாள் கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினேன். கண்காணிக்காதது என் குற்றம் என்று கையெழுத்திட்டேன். விருது போனது. அழுதேன்.

ஏப்ரல் கடைசியில் விதைப்பு. ஒன்பதாம் பாத்திக்கு மறுபடி முதல் வருடம். நான் ஓய்வு பெற இரண்டே வருடம் இருந்தது. முடிவைப் பார்க்கப்போவது நானில்லை.

"பதினொண்ணையும் நான் பாத்துக்கிறேன் டீச்சர்," என்றார் குவான். "இதுக்கு வேற ஆளப் பாருங்க."

வேறு ஆள் தேடவில்லை. நானே குனிந்து, எரு இல்லாத மண்ணில் ஒவ்வொரு குழியாக விதை போட்டு மூடினேன். குவான் வரப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் முடிக்கும்வரை திரும்பவே இல்லை.