பெயர் சொல்லாத ஜெபம்

"நம்ம பிள்ளைகள்ல ஒருத்தி வண்டியில போகும்போது ரொம்ப கஷ்டப்படுறா. பேரு வேண்டாம். ஆண்டவர் அவளைக் காப்பாத்தணும்னு எல்லாரும் ஜெபிச்சுக்குங்க."

காலை ஜெபத்தில் பட்டறை அக்கா சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கண்களை மூடினாள். அவள் கண் மூடிய நொடியில் கூடத்தில் இருந்த மற்ற கண்களெல்லாம் திறந்துகொண்டன, ஒன்றை ஒன்று தேடின, கேட்டன, பதில் சொல்லின. ஜெபம் தொடர்ந்தது. ஆனால் அங்கே மண்டியிட்டிருந்தவை முழங்கால்கள் மட்டுமே.

அது ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம். அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ளவர்கள் பகலில் அங்கே வந்து மெழுகு உருக்குவார்கள், திரி கோப்பார்கள், மெழுகுவர்த்திகளைப் பெட்டியில் அடுக்குவார்கள். மாலையில் நிறுவனத்தின் வண்டியிலேயே வீடு திரும்புவார்கள். தலை நரைத்தவர்களும் அவர்களில் உண்டு. இருந்தும் நிறுவனத்தின் வாயில் எல்லோரும் 'பிள்ளைகள்'தான். அன்பு மிகுதியால் வந்த பெயர் என்று சொல்லிக்கொண்டார்கள். வளர்ந்த மனிதரை வளராதவர் என்று பேரெழுதி வைத்துவிட்டால் அவர் சொல்லுக்கும் எடை குறைந்துவிடும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பட்டறையின் மேற்பார்வையாளருக்கு அங்கே பெயரே 'பட்டறை அக்கா' என்றாகிவிட்டது. போன ஆண்டு அவள் தலையில் இன்னொரு பொறுப்பும் ஏறியது: பாதுகாப்புப் பொறுப்பாளர். தனக்குத் தீங்கு நடக்கிறது என்று எவராவது சொன்னால் அதைக் கேட்க வேண்டியவள் அவள். கேட்டதை இயக்குநரிடமும் அரசின் பாதுகாப்பு அலுவலகத்திடமும் சொல்ல வேண்டும். மூன்றாவது காதுக்கு அது எட்டக் கூடாது. பயிற்சிக்குப் போனாள், தேறினாள், வந்தாள். ஒரு வருடமாக எவரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததால் எதுவும் நடக்கவில்லை என்றே அவளும் நம்பியிருந்தாள்.

முந்தின நாள் மாலை, பெட்டியில் மெழுகுவர்த்தி அடுக்கும் சிட்டு வந்து சொன்னாள். முப்பதை எட்டிப் பிடிக்கப்போகிறவள். சொற்கள் அவளுக்கு ஒவ்வொன்றாகத்தான் வரும், ஆனால் வந்த சொல்லில் கலப்படம் இருக்காது. "அக்கா, வண்டி அண்ணன் என்னைக் கடைசியா இறக்கிவிடுறாரு. எல்லாரும் போனப்புறம் முன்னாடி வரச் சொல்றாரு. கை வைக்கிறாரு. எனக்குப் புடிக்கல." பிறகு, "நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

"சொல்ல வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்தாள் பட்டறை அக்கா. அன்று சிட்டுவை வண்டியில் ஏற்றவில்லை; கடைக்குப் போகலாம் வா என்று ஏதோ சாக்குச் சொல்லி, பேருந்தில் தானே வீடுவரை கொண்டுபோய் விட்டாள். இயக்குநர் வெளியூரில் இருந்தார். பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசலாமா என்று இரவு தன் கணவரிடம் கேட்டபோது அவர், "முதல்ல உங்க ஐயா காதுல போடு. அவரைத் தாண்டிப் போனா நாளைக்கு உன்னைத் தாண்டிப் போயிடுவாங்க" என்றார். அதற்கும் தலையாட்டினாள். தலையாட்டியவளுக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் ஐயா வந்து சேருமுன் ஜெபவேளை வந்து சேர்ந்தது. அந்த நிறுவனத்தின் வழக்கம் அப்படி: அண்ணியின் மூட்டுவலியிலிருந்து அடுப்புக் கோளாறு வரைக்கும் அனைத்தும் வட்டத்தின் நடுவே வைக்கப்பட வேண்டும். வைக்காமல் மறைப்பதே அங்கே பாவம். அவளுடைய முறை வந்தது. நெஞ்சு நிரம்பியிருந்தது, வாய் வழிந்துவிட்டது. பேரைச் சொல்லவில்லையே, தேவனிடம்தானே சொன்னோம் என்று அப்போது தோன்றியது. தேவனுக்கும் அவளுக்கும் இடையே இருபது பேர் இருந்தது தோன்றவில்லை.

முதலில் வந்து நின்றவள் சமையலம்மா. கையைத் துடைத்துக்கொண்டே பட்டறை வாசலில் நின்று, "சிட்டுதானே?" என்றாள்.

பட்டறை அக்கா அவளை உள்ளே இழுத்தாள். யாரிடமாவது பேசினாயா என்று கேட்டாள். சமையலம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் யார்கிட்ட பேசப்போறேன்? பாத்திரம் கழுவுறவகிட்ட மட்டும்தான் சொன்னேன். அதுவும் சும்மா சொல்லல, ஜெபிக்கத்தான் சொன்னேன்."

பாத்திரம் கழுவுகிறவளும் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னாளாம். அவளும் ஜெபிக்கத்தான் சொன்னாளாம். புறணி என்று சொன்னால் எல்லோருக்கும் கூசியிருக்கும். ஜெபக் குறிப்பு என்று பேர் வைத்ததும் அது செருப்பைக் கழற்றிவிட்டு எல்லா அறைக்குள்ளும் புகுந்துவிட்டது.

நடுப்பகலுக்கு முன்பே ஓட்டுநர் வந்தான். மெழுகுக் கட்டிகளை இறக்கி வைத்தான். கெட்டவன் முகம் என்று ஒன்று இருந்தால் உலகத்தில் பாதுகாப்புப் பொறுப்பாளர்களே தேவைப்படமாட்டார்கள். அவன் சக்கர நாற்காலியோடு ஆளைத் தூக்கி வண்டியில் ஏற்றுவான். பாடகர் குழுவில் கணீரென்று பாடுவான். பிறந்தநாள் எவருக்கென்று அவனுக்கு மனப்பாடம்.

"என்னக்கா, இன்னைக்கு வண்டிக்கு விசேஷ ஜெபமாமே? பிரேக் நல்லாத்தான் பிடிக்குது" என்றான் சிரித்துக்கொண்டு. அவள் சிரிக்கவில்லை. அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் புள்ளைக்குக் கற்பனை ஜாஸ்தி. உங்களுக்குத் தெரியாததா? அவங்க அம்மாவுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன், பொண்ணு என்னென்னமோ பேசுது, பார்த்துக்குங்கன்னு."

அவனுக்கு முன்னறிவிப்புக் கொடுத்தது யார்? பயிற்சியில் முதல் நாளே சொன்னார்கள்: குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தகவல் போனால், சொன்னவருடைய வாய் அடைக்கப்படும். இங்கே தகவல் வெளியே கசியவில்லை. 'ஆமென்' போட்டு அனுப்பி வைக்கப்பட்டிருந்தது.

பொதி கட்டும் மேசைக்கு ஓடினாள். சிட்டுவின் முன்னால் காலிப் பெட்டி இருந்தது. கைகள் மடியில் இருந்தன. பக்கத்தில் இருந்தவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாளாம், 'நீதானா அது?' என்று.

"நீங்க ஜெபத்துல சொல்லிட்டீங்க" என்றாள் சிட்டு.

"உன் பேரைச் சொல்லலையே, சிட்டு."

"நேத்து வண்டியில போகாதது நான் மட்டும்தான்."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. என்ன கேட்டாலும் பெட்டியையே பார்த்தாள். பட்டறை அக்காவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மாலை வண்டி இருக்கிறது. அதில் இவளை ஏறவிடக் கூடாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று: அலுவலகத்தார் வந்து கேட்கும்போது இவள் இப்படியே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவன் சொன்ன 'கற்பனை' என்ற சொல்லே கடைசிச் சொல்லாகிவிடும்.

இயக்குநரின் அறைக்குப் போனாள். அவள் வாய் திறக்குமுன் அவர், "கேள்விப்பட்டேன்" என்றார். அவரிடம் முதலில் சொல்ல வேண்டியவள் அவள். வந்து சேர்ந்ததிலோ கடைசி ஆள். ஐயா மென்மையான மனிதர். குரல் உயர்த்தியே பழக்கமில்லாதவர். மென்மையாகவே சொன்னார்: மாலையில் இருவரையும் அழைத்து உட்காரவைப்போம், அவன் மன்னிப்புக் கேட்கட்டும், அவள் மன்னிக்கட்டும், ஒப்புரவாகிவிடட்டும். அதுவரை எல்லாம் வழக்கம்போல் நடக்க வேண்டும், வண்டி உட்பட. இன்று அவளை அனுப்பாவிட்டால் தவறு நடந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஒப்புரவு! இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது சொல்ல வேண்டிய சொல் அது. சாவியை வைத்திருப்பவனுக்கும், அவன் இறக்கிவிட்டால்தான் வீடு சேரக்கூடியவளுக்கும் நடுவே எந்தத் தராசை வைத்து ஒப்புரவு பார்ப்பது? அடிபட்டவளையே மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்துவது அடித்தவனுக்குச் செய்யும் ஊழியம் அல்லவா? இத்தனையும் அவள் தொண்டைக்குள் கொதித்தன. வாயிலிருந்து வந்தது, "அலுவலகத்துக்குச் சொல்லணும் ஐயா, அதுதான் விதி" என்பது மட்டுமே.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "கூடத்துல நாலு பேர் முன்னாடி போட்டு உடைச்சது நீங்க. இப்ப விதியைப் பத்தி எனக்குச் சொல்றீங்களாம்மா?"

சுருக்கென்று தைத்தது. தைக்க வேண்டிய இடத்தில்தான் தைத்தது.

"ஆமாங்க ஐயா. சொல்லக் கூடாத இடத்துல சொல்லிட்டேன். அதுக்காக, சொல்ல வேண்டிய இடத்துல சொல்லாம இருக்க முடியாது."

அவர் பதில் சொல்லுமுன் வெளியே வந்து, மாடிப்படியில் நின்றபடியே அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை அழுத்தினாள். எடுத்த அதிகாரி, பெண். கேள்விகள் குட்டையாக வந்தன. இந்த விஷயம் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டபோது பட்டறை அக்கா படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் தெரியும் மேடம். நான்தான் ஜெபத்துல சொல்லிட்டேன்."

திட்டு வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அந்த ஓட்டுநரிடமிருந்து சிட்டுவைத் தள்ளி வையுங்கள், நீங்களாக அவரிடம் எதையும் துருவிக் கேட்காதீர்கள், வருகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

வருகிறோம் என்றால் எப்போது? வாசலுக்கும் பட்டறைக்கும் நடந்தாள். மெழுகு உருக்கும் அடுப்பை அணைத்துவிட்டோமா என்று பார்த்தாள்; அணைத்திருந்தது; திரும்பி வந்து மறுபடியும் பார்த்தாள். வேலை முடியும் மணி அடித்தது. வண்டி வந்து வாசலில் நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வழக்கம்போல் ஒவ்வொருவரையும் செல்லமாக அழைத்து ஏற்றத் தொடங்கினான். தாழ்வாரத்தில் இயக்குநர் நின்றார். சமையற்கட்டு ஜன்னலில் முகங்கள் அடுக்கியிருந்தன.

பட்டறை அக்கா வண்டிக்கும் வரிசைக்கும் நடுவே போய் நின்றாள். "சிட்டு இதுல வரமாட்டா."

"சரிக்கா, உங்க இஷ்டம்" என்றான் அவன்.

அந்த எளிய சம்மதம்தான் அவளை உலுக்கியது. சிட்டு வராவிட்டால் என்ன, கடைசியில் இறங்க இன்னொருத்தி இருப்பாள். "யாருமே இதுல போக வேண்டாம். ஏறினவங்க இறங்குங்க" என்றாள்.

ஏறியவர்கள் விழித்தார்கள். ஓட்டுநர் தாழ்வாரத்தைப் பார்த்தான். எல்லோரும் தாழ்வாரத்தைப் பார்த்தார்கள். இயக்குநர் மெல்ல இறங்கி வந்து, "சாவியைக் கொடுப்பா" என்று கை நீட்டினார். அவர் மனம் மாறியதா, அந்த வேளையில் தெருமுனையில் திரும்பிய அரசு வாகனம் மாற்றியதா என்பது அவருக்கும் அவர் தேவனுக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. சாவி கை மாறியது.

அந்த வாகனத்தின் பின்னாலேயே சிட்டுவின் தாய் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நேரே பட்டறை அக்காவிடம் வந்தாள்.

"ஊரே என் பொண்ணுக்காக ஜெபிக்குதாம். எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லல. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

பட்டறை அக்கா தலை குனிந்து நின்றாள்.

அதிகாரி குள்ளமான பெண். தோளில் பெரிய பை. யாரையும் விசாரிக்கவில்லை. சிட்டுவின் முன்னால் போய், "வணக்கம். நீங்க எந்த அறையில உட்கார விரும்புறீங்க?" என்று கேட்டார். சிட்டு திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். எவரும் இல்லை. பிறகு, துணி வைக்கும் சிறிய அறையைக் காட்டினாள்.

"உங்ககூட யாராவது இருக்கணுமா?"

பட்டறை அக்கா தன்னை அறியாமல் ஓரடி முன்னால் வைத்தாள். பேச்சு வராதபோதெல்லாம் சிட்டு அவள் கையைத்தான் பிடித்துக்கொள்வாள்.

சிட்டு அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா வேணும். அக்கா வேண்டாம். அக்கா ஜெபத்துல சொல்லிடுவாங்க."

கதவு சாத்தப்பட்டது. எதிரே கிடந்த பெஞ்சில் பட்டறை அக்கா உட்கார்ந்தாள். உள்ளே முதலில் நிசப்தம். நிசப்தம் நீள நீள அவள் விரல்கள் முந்தானையை முறுக்கின. பேசு, சிட்டு, பேசு. பிறகு, கதவின் அடியிடுக்கு வழியாக ஒரு குரல் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஒவ்வொன்றாக வரும் அந்தச் சொற்களின் நடை அவளுக்கு நன்றாகத் தெரியும். பேசுகிறாள். இன்னும் சற்றுச் செவி சாய்த்தால் சொற்களும் புரிந்துவிடும்.

அவள் எழுந்தாள். தாழ்வாரத்தின் கடைசித் தூண் வரைக்கும், குரல் வெறும் ஒலியாகி ஒலியும் தேய்ந்துபோகும் வரைக்கும் நடந்தாள். சமையலம்மா வேகவேகமாக அங்கேயே வந்துவிட்டாள். "என்னக்கா, உள்ள என்ன சொல்றா?"

"எனக்குத் தெரியாது" என்றாள் பட்டறை அக்கா. சமையலம்மா நம்பாமல் கதவுப் பக்கம் கழுத்தை நீட்டினாள். பட்டறை அக்கா அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, தன்னோடு வாசலுக்கு வெளியே தெருவரைக்கும் நடத்திக்கொண்டு போனாள்.