எக்கிய வயிறு

ஒத்திகையில், பாட்டின் அந்த நீண்ட வரியின் நடுவில் நான்காவது முறையாக அவள் குரல் அறுந்தபோது, பியானோக்காரர் விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இயக்குநர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணு செய்யலாம்மா," என்றார் அவர். "நீ அழகா நில்லு, வாய மட்டும் அசை. கோரஸ் பொண்ணு பின்னாடி நின்னு பாடட்டும். நாளைக்கு மேடையேத்தணும். எனக்கு வேற வழி தெரியல."

நில்லு. பதினோரு வருடங்களாக அவள் கேட்டுவந்த சொல். சோப்புக்கும் கைக்கடிகாரத்துக்கும் நகைக்கும் நின்றிருக்கிறாள். நகரமெங்கும் விளம்பரப் பலகைகளில் சிரித்தவளிடம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதையெல்லாம் உதறிவிட்டு வந்து, இரண்டு வருடம் தொண்டை வறளப் பயிற்சி செய்து, இந்த இசை நாடகத்தில் ஒரு பாத்திரம் வாங்கியிருந்தாள். இங்கேயும் பொம்மைதானா?

"வீட்டுல நல்லாத்தான் வருது சார். இந்த உடுப்பைப் போட்டாத்தான் மூச்சு பத்தல."

"குளிக்கிற ரூம்ல எல்லாருமே பாடகிதான்," என்றது கோரஸில் ஒரு குரல்.

இயக்குநர் மேடையோரம் இருந்த தையலக்காவிடம் திரும்பினார். "அளவெடுத்தது நீங்கதானே?"

தையலக்கா உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, அவளை ஒரு கணம் பார்த்தாள். "என் கை தப்புதான் சார். முன்ன மாதிரி கண்ணு தெரியல."

"அப்ப அடுத்த நாடகத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவளுக்கு உடுப்புக்கு அளவெடுத்த நாள் நினைவுக்கு வந்தது. அளவு நாடா இடுப்பில் பட்டதும், யாரும் சொல்லாமலே வயிறு உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. "மூச்ச விட்டு நில்லும்மா," என்று அக்கா இரண்டு தடவை சொன்னாள். "விட்டுட்டேன்க்கா," என்று இவள் சிரித்தாள். நாடா காட்டிய எண்ணைப் பார்த்து உள்ளுக்குள் மகிழ்ந்தும் போனாள். அந்தப் பொய்யைத்தான் அக்கா இழை பிசகாமல் தைத்திருக்கிறாள்.

பேசாமல் இருந்தால் தப்பிவிடலாம். கடவுள் மனிதரைப் பார்ப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன மௌனங்களில்தான்.

"அக்கா மேல தப்பில்ல சார். அவங்க சொல்லச் சொல்ல நான்தான் வயித்த எக்கிக்கிட்டு நின்னேன்."

கோரஸ் முழுக்கச் சிரித்தது. அவள் முகம் எரிந்தது. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. "பத்து நிமிஷம். அப்புறம் ஒரே ஒரு தடவ. வரலேன்னா நீ நில்லு, அவ பாடட்டும்."

திரைக்குப் பின்னால் தையலக்கா மண்டியிட்டு, பக்கத் தையலைப் பிரித்தாள்.

"எதுக்குக்கா பழிய உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"திட்டுதானே, தொடச்சிப் போட்டுட்டுப் போயிடுவேன். வேலை போயிடும்னு சத்தியமா நினைக்கல." நூலை உருவிக்கொண்டே சிரித்தாள். "சரி, மூச்ச விடு."

"விட்டுட்டேன்."

"மறுபடியும் பொய் சொல்லாதம்மா. என் கை இங்கதான் இருக்கு."

வயிற்றின் மேல் அந்த உள்ளங்கை சூடாக இருந்தது. அவள் விட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டாள். அதற்கும் அடியில் ஏதோ ஓர் இறுக்கம் மிச்சமிருந்தது.

பியானோ தொடங்கியது. இடுப்பில் இரண்டே ஊக்குகள், நூல்பிசிறுகள் தொங்க வெளிச்சத்துக்கு வந்தாள். கோரஸ் பெண் பின்னால் தயாராக நின்றாள். நீண்ட வரி நெருங்கியது. இந்தத் தடவை வயிற்றை எக்காமல் அவள் மூச்சை இழுத்தாள். ஊக்குகளுக்கு நடுவே துணி மெல்ல விரிந்தது.