பால் கவர் மூட்டை

விடிய ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். கணேசபாண்டியன் எழுந்து நீல டிரம்மை நிரப்புவான். ஆறு மணிக்குப் பால். கவரின் மூலையைச் சின்னதாக வெட்டிப் பாலை அடுப்பில் வைப்பான். பிறகு கவரின் மேல்பக்கத்தை முழுக்க வெட்டி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பிக் கழுவி, ஜன்னல் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவான். முந்தின நாள் கவரைக் கழற்றிப் பரணில் இருக்கும் அரிசிச் சாக்குக்குள் போடுவான். பால் பொங்கும். அடுப்பை அணைப்பான். மனைவி விஜயலட்சுமி போய்ச் சேர்ந்து எட்டு மாதம். எட்டு மாதமாக இதே வரிசைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இசக்கி பாயில் உட்கார்ந்து சாவகாசமாகச் சொன்னாள்.

“அப்பா, நாளைக்கு ஸ்கூல்ல பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட். வேண்டாம்னு போடுற சாமான்ல ஏதாவது செஞ்சு கொண்டு போகணும்.”

“எப்பச் சொன்னாங்க?”

“போன வாரம்.”

“இப்ப வந்து சொல்லுத?”

“நீங்க கேக்கவே இல்லியே.”

அது உண்மைதான். காலையில் விக்ரோலிக்கு வேலைக்குப் போவான், வருவான், சோறு வடிப்பான். கேள்வி கேட்பது எப்போதோ நின்றுபோயிருந்தது.

“ஒரு கார்டு குடுத்திருக்காங்க” என்றாள் இசக்கி. “ஐடியா யாரோடதுன்னு அதுல எழுதணும். எல்லாரும் மம்மி பேரு எழுதுவாங்க. எனக்கும் மம்மி பேருதான் வேணும். ஆனா பொய் எழுதக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க.”

நல்லவேளையாக, பக்கத்து வீட்டு முருகம்மாள் இட்லித் தட்டோடு உள்ளே வந்தாள். தாராவியின் இந்த லேபர் கேம்ப் பகுதியில் பாதிப் பேருக்குக் காலை இட்லி அவள் கையால்தான். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

“வேஸ்ட்டா? தாராவில ஏதுட்டி வேஸ்ட்டு? கீழ போட்டுட்டு நிமிர்றதுக்குள்ள ஒருத்தன் எடுத்து எடைக்கு வித்துட்டு வந்திருவான். கடையில ரெடிமேடா விக்கானாம், வாங்கிக் குடுத்துருங்க தம்பி. பிள்ள தலையப் பாருங்க, காக்காக் கூடு மாதிரி. விஜி கடைசியா என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா? பிள்ளையப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டுல்லா போனா.”

அவன் சீப்பைத் தேடி எடுத்தான்.

“ரெடிமேட் சீட்டிங்” என்றாள் இசக்கி, தலையைக் கொடுத்துக்கொண்டே. “போன வருசம் ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாங்க. வீட்ல எது நெறைய இருக்கோ அதுலதான் செய்யணும். நம்ம வீட்ல எது நெறைய இருக்கு?”

மூன்று பேரும் பரணைப் பார்த்தார்கள்.

சாக்கை இறக்கிக் கவிழ்த்ததும் கவர்கள் கட்டிலுக்கு அடிவரை வழுக்கிக்கொண்டு ஓடின. முருகம்மாள் வாயில் கை வைத்தாள்.

“இத்தனயையுமா சேத்து வச்சிருக்கீங்க? வானமாமலை கடையில எடைக்குப் போட வேண்டியதுதானே?”

“போடக் கூடாது.”

“ஏன்?”

“கூடாதுக்கா.”

என்ன செய்வது என்பதை மழை தீர்மானித்துவிட்டது. போன வாரம் இசக்கியின் புத்தகப் பை நனைந்து, கணக்கு நோட்டு அப்பளமாகப் புடைத்து, இன்னும் மின்விசிறிக்கு அடியில் கிடந்தது. பைக்கு ஒரு மழை உறை. கணேசபாண்டியன் ஸ்கேலை வைத்து அளந்தான். நான்கு கவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இஸ்திரிப் பெட்டியை நேராக மேலே வைத்தான். கவர் பெட்டியோடு வந்துவிட்டது. வீடெங்கும் நாற்றம்.

“பி.காம். படிச்ச பிள்ள வேலையைப் பாரு” என்றாள் முருகம்மாள். “எண்ணெ தடவாம யாராவது தோசை ஊத்துவாங்களா? மேலயும் கீழயும் பேப்பர் வையிங்க.”

கைக்கு அகப்பட்டது அன்றைய தமிழ்ப் பேப்பர். வைத்துத் தேய்த்தான். நான்கு கவரும் உருகி ஒன்றாகி, ரெக்சின் போலத் தடித்து வந்தன. உற்சாகம் வந்துவிட்டது. நிறுத்தாமல் ஆறு துண்டு தேய்த்து, ஓரங்களை ஒன்றோடொன்று ஒட்டிய பிறகுதான் பேப்பரை முழுக்க உரித்தான். அச்சு மை அத்தனையும் கவரில் ஏறியிருந்தது. எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தது.

“கெட்டுப் போச்சு” என்றான்.

“சூப்பரா இருக்கு” என்றாள் இசக்கி. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. “என்னப்பா எழுதியிருக்கு?”

பீரோக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் படித்தான். “டோம்பிவிலியில் ஒரு பெட்ரூம். தண்ணீர் வசதி. உடனே வாடகைக்கு.”

முருகம்மாள் தரையில் உட்கார்ந்தே விட்டாள். “ஏட்டி, முதுகுல இதப் போட்டுக்கிட்டு நடந்தா ஒருத்தன் அட்வான்ஸே குடுத்துருவான். வாங்கிட்டு வந்துரு, மாசச் செலவுக்கு ஆகும்.”

கணேசபாண்டியனும் சிரித்தான். சிரித்த பிறகுதான் தான் சிரித்தது அவனுக்குத் தெரிந்தது.

பழைய பைஜாமாவின் எலாஸ்டிக்கை உருவி உறையின் விளிம்பில் கோத்துத் தைத்தான். பைக்குள் கணக்கு நோட்டை வைத்து, உறையை மாட்டி, வாசலில் நிறுத்தினார்கள். இசக்கி டிரம்மிலிருந்து மூன்று மக் தண்ணீரை மேலே ஊற்றினாள். திறந்து பார்த்தால் நோட்டில் ஒரு சொட்டு இல்லை.

இசக்கி கார்டை எடுத்து வந்து பென்சிலோடு உட்கார்ந்தாள். பெயர், வகுப்பு, செய்த பொருள் எல்லாம் எழுதியாயிற்று. கடைசி வரியில் பென்சில் நின்றது.

“கவரைச் சேத்து வைக்கிற ஐடியா யாரோடது? மம்மி சொன்னதுன்னா மம்மி பேரு. நீங்களா செஞ்சதுன்னா உங்க பேரு. சச்சி, நெசமாச் சொல்லுங்க.”

“அவ எங்கட்டி கவரப் பத்திச் சொன்னா?” என்றாள் முருகம்மாள். “பிள்ளையப் பாத்துக்கிடுங்கன்னுதான் சொன்னா.”

அவன் இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“அது நானாச் சொன்னதுக்கா” என்றான்.

சாவு வீட்டில் வந்தவர்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. உள்ளதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்த இடத்துக்குப் பொருத்தமாக ஒன்றைச் சொன்னான். எல்லாரும் அழுதார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

“அப்ப என்னதான் சொன்னா?” முருகம்மாளின் குரல் இறங்கியிருந்தது. இசக்கியின் பென்சில் கார்டுமேல் காத்திருந்தது.

ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு அவனும் நடந்தான். ஒரு மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்துவிடுவார்கள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். அன்று காலை கிளம்பும் அவசரத்தில் அவன் கவரைக் குப்பையில் எறிந்ததை அவள் பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்தும் மறக்கவில்லை. கதவருகே கழுத்தைத் திருப்பிச் சொன்னாள்:

“பால் கவரத் தூரப் போட்றாதீங்க. கழுவிக் காயப் போடுங்க, என்ன.”