செம்பருந்து இரண்டாம் பாகத்தின் மூன்று நிறைகள்

மைசூரில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்தும் மாத இதழில் சினிமாவுக்கு ஒரு பக்கம் உண்டு. இடப்பக்கப் பத்தியில் படத்தின் நிறைகள், வலப்பக்கத்தில் குறைகள். நிறைகளை என் மனைவி கேரல் எழுதினாள். குறைகளை நான். எவ்வளவு மோசமான படமானாலும் மூன்று நிறைகள் சொல்லியாக வேண்டும் என்பது அவள் வைத்த விதி. எழுதி முடிக்கும்வரை படத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

கேரல் இறந்து பதினான்கு மாதமாகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்து நாள்.

பக்கமும் அத்துடன் நின்றது. இந்த மாதம் 'செம்பருந்து' இரண்டாம் பாகம் வந்தது. பறக்கும் சக்தி பெற்ற ஒரு மின்வாரிய லைன்மேனின் கதை. இதழை நடத்தும் வைத்யநாதன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், போன் செய்தார்.

"முதல் பாகத்துக்கு நீங்க ரெண்டு பேரும் எழுதினதை எல்லாரும் இன்னும் கேக்கறா. இதுக்கு எழுதறியா ரொனால்ட்? இல்லேன்னா அந்தப் பக்கத்தைக் குறுக்கெழுத்துக்கே குடுத்துடறேன். நிரந்தரமா."

அவள் தொடங்கிய பக்கம். மூட விடக் கூடாது என்று தோன்றியது. பல மாதங்களில் எனக்குத் தோன்றிய ஒரே விஷயம் அது. எழுதுகிறேன் என்றேன்.

கேரலின் தங்கை ஜெனிஃபரோடு போய்ப் பார்த்தேன். அவள் நர்ஸ். டியூட்டி முடித்து நேராகத் தியேட்டருக்கு வந்திருந்தாள். படம் முடியும்வரை கொட்டாவி விடவில்லை.

குறைகள் சுலபமாக வந்தன. வில்லனுக்கு நோக்கமில்லை. முதல் பாகத்தில் கம்பத்தில் ஏறவே பயந்தவன் இப்போது எதற்கும் பயப்படுவதில்லை. ஏழு சண்டைகள், எல்லாம் இருட்டில். இவற்றுக்கெல்லாம் மேலாக, முதல் பாகத்தில் அணையிலிருந்து விழுந்து இறந்த அவன் மனைவி இடைவேளைக்குப் பிறகு உயிரோடு வந்து நிற்கிறாள். எப்படி என்று படம் சொல்லவில்லை. அதை முதல் குறையாக வைத்தேன். மொத்தம் பதினொன்று. நிறையில் ஒரு வரியும் வரவில்லை. அப்படியே அனுப்பினேன்.

"பாதிப் பக்கம் வெள்ளையா இருக்கேப்பா," என்றார் வைத்யநாதன். "வியாழக்கிழமை அச்சுக்குப் போறது."

ஜெனிஃபரை எழுதச் சொன்னேன்.

"அக்கா எடத்துலயா? மாட்டேன் அத்தான்."

"மூணு வரி போதும்."

"பதினொண்ணு கண்டுபிடிச்ச ஆளுக்கு மூணு கெடைக்கலையாக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "அக்கா எப்படி எழுதுவான்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

"அவ எங்க படம் பாத்தா? ஜனங்களத்தான் பாப்பா. நீங்க குனிஞ்சு போன்ல குறை எழுதிட்டிருப்பீங்க, அவ திரும்பித் திரும்பிப் பாத்துட்டிருப்பா. சின்ன வயசுல சர்ச்சுல பூசை நடக்கும்போதுகூட அப்படித்தான். அம்மா தொடைல கிள்ளுவாங்க."

நான்கு ஆண்டுகள் பக்கத்து இருக்கையில் இருந்திருக்கிறேன்.

புதன்கிழமை காலைக் காட்சிக்குத் தனியாகப் போனேன். முன்வரிசையின் ஓரத்தில், போனை அணைத்துவிட்டு, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"சார், ஸ்கிரீன் ஆ கடெ இதெ," என்று ஒருவர் கன்னடத்தில் சொல்லி, என் முதுகுக்குப் பின்னால் இருந்த திரையைக் கை காட்டினார். அவரும் கூட வந்த மூவரும் மின்வாரியச் சட்டையில் இருந்தார்கள். தெரியும் என்று தலையசைத்தேன். கதாநாயகன் கம்பத்தில் ஏறி இடுப்புப் பெல்ட்டை மாட்டியபோது நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

ஒரு பெண் தன் மகளுக்கு வசனங்களைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் முதன்முறை ஆற்றின் மேல் பறந்தபோது நிறுத்திவிட்டாள். அங்கே விளக்க ஒன்றுமில்லை.

பிறகு இறந்தவள் வந்து நின்றாள். பாப்கார்ன் சத்தம் நின்றது. லைன்மேன்களில் மூத்தவர் பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்தார். எப்படி வந்தாள் என்று யார் முகத்திலும் கேள்வி இல்லை. நானும் திரும்பித் திரையைப் பார்த்தேன். அரை நிமிடம் நானும் அதைக் கேட்கவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில், ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே மூன்று நிறைகளையும் எழுதி அனுப்பினேன். வைத்யநாதன் உடனே கூப்பிட்டார்.

"நன்னா வந்திருக்கு. ஆனா பக்கம் வழியறது. உன் முதல் குறையும் மூணாவது நிறையும் ஒரே விஷயம்தானே? ஒண்ணை எடுத்துடட்டுமா?"

"வேண்டாம் சார். ரெண்டும் இருக்கட்டும். சண்டை இருட்டுல இருக்குன்னு எழுதினதை வெட்டுங்க."

"ஆய்த்து, வெட்டிடறேன்," என்றார்.