இருநூற்றுப்பத்து வண்டிகள்

“மார்கழி முடியிறதுக்குள்ளை, வெள்ளவத்தையிலை பூட்டிக் கிடக்கிற நூற்றிமுப்பது வீட்டிலை நூற்றிப்பதினேழிலை திரும்ப அடுப்பெரியும். ஒண்டு கூடாது, ஒண்டு குறையாது” என்றாள் நேசம்.

அவளுடைய தமையன் ஸ்ரனிஸ்லாஸ் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கால் வந்தது.

நாற்பத்திரண்டாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று யப்பான்காரன் கொழும்பிலே குண்டு போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கொழும்பே பெட்டி கட்டியது. கொட்டாஞ்சேனைக் காகங்கள்கூடக் கண்டிப் பக்கம் பறந்துவிட்டதாகக் கேள்வி. ரயிலில் ஆட்கள்மேல் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள்மேல் கோழிக்கூடுகள் இருந்தன. இந்தியாவுக்குக் கப்பலேறத் துடித்த ஒரு புடைவைக்கடைக்காரர், பன்னிரண்டாயிரம் பெறுமதியான தன் வெள்ளவத்தை வீட்டை மூவாயிரத்துக்குத் தர நின்றார். நேசத்திடம் இருந்ததும் அதே மூவாயிரம்தான். பதினெட்டு வருடம் கணக்குப் படிப்பித்துச் சேர்த்தது. அது போனால் அவளுக்கு உடுத்த சேலையும் வெண்கட்டித் தூளும்தான் மிச்சம்.

“யப்பான்காரன் உன்னட்டைக் கேட்டுக்கொண்டே வாறவன்?”

“அவனை ஆர் கேட்டது? நான் அம்மியைக் கேட்டனான்.”

கொப்பியை விரித்தாள். அவளுடைய வகுப்பு யன்னல், காலி நகரத்துக்குப் போகும் வெள்ளவத்தைப் பெருவீதியைப் பார்த்தது. யுத்தத்துக்கு முன்பு வீடு மாறிப்போன வண்டிகளை, பிள்ளைகள் கணக்குச் செய்யும் நேரத்தில் குறித்துவைத்திருந்தாள். நூறு வண்டியில் தொண்ணூற்றாறில் அம்மிக்கல் இருந்தது. குண்டு விழுந்து பள்ளிக்கூடம் பூட்டிய பிறகும் றோட்டோரம் குடையோடு நின்று எண்ணியிருக்கிறாள். இருநூற்றுப்பத்து வண்டி. அம்மி ஏறியது இருபத்தொன்றில் மட்டும்.

“கனமெண்டு விட்டிட்டுப் போகுதுகளடி!”

“முந்தியும் அதே கனம்தானே, அண்ணை? ஒரேயடியாப் போறவள் அம்மியை விடமாட்டாள். பத்துக்கு ஒன்பது பேர் திரும்பி வருவினம். சனம் வந்தால் விலையும் வரும்.”

அவள் வீட்டை வாங்கிய உறுதிப்பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து வைத்துவிட்டு ஸ்ரனிஸ்லாஸ் பேனையை எறிந்த வேகத்தில், நொத்தாரிசின் மைக்கூடு மேசையைவிட்டே ஓடியது. ஆனி மாதம்வரை நாலு வீடுதான் திறந்தது. அவர் அந்தோனியாருக்கு ஏற்றிய மெழுகுதிரிகளை வரிசையாக நட்டிருந்தால் கல்கிசை வரை வெளிச்சம் போயிருக்கும். “தங்கச்சி சல்லியைக் கடலுக்குள்ளை கொட்டிப்போட்டாள்” என்று கொட்டாஞ்சேனையில் அவர் சொல்லாத ஆள் கிடையாது.

மார்கழிக் கடைசி நாள், நேசம் எழுதி வைத்திருந்த பூட்டிய வீடுகளின் பட்டியலைத் தூக்கிக்கொண்டு அவர் வெள்ளவத்தைக்குப் போனார். அவளுடைய பிழையைக் கண்டுபிடித்தே தீருவது என்று ஒழுங்கை ஒழுங்கையாக ஏறி இறங்கினார். குசினிப் புகையைக் கண்டால் ஒரு கோடு. சித்திரையில் அழுதழுது ரயிலேறிய பெண்கள், படலையில் நின்று மீன்காரனோடு விலை பேசினார்கள். ஐம்பது. எண்பது. நூறு. அவருக்கு வியர்த்தது. நூற்றிப்பதினாறு. நூற்றிப்பதினேழு. மிச்சம் பதின்மூன்று வீட்டுப் பூட்டுகளையும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. மறுபுறமிருந்து தொடங்கி இன்னொருதரம் எண்ணினார். அதே எண். கடலே ஒரு கணம் அலையடிக்க மறந்து நின்றதாகப் பிறகு சத்தியம் பண்ணினார்.

நேசத்தின் விறாந்தையில் ஒரு தரகர் அந்த வீட்டுக்குப் பதின்மூவாயிரம் தருவதாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள்.

“எத்தினை, அண்ணை?”

ஸ்ரனிஸ்லாஸ் தொப்பியைக் கழற்றினார். கோயிலுக்கு வெளியே அவர் தொப்பி கழற்றி ஒருவரும் கண்டதில்லை.

“நூற்றிப்பதினேழு. ரெண்டுதரம் எண்ணினனான். நீ சொன்னபடி நடந்திட்டுது, பிள்ளை.”