கலியமூர்த்தி நாக்கு

மரக்காணத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், 'கலியமூர்த்தி நாக்கு' எந்தக் கடையில் கிடைக்கும் என்று கை காட்டுவார்கள். என் கடைதான். ரோஸ்மில்க்கைத் தட்டையாக உறையவைத்து, நடுவில் ஒரு கோடு கிழித்து, குச்சி செருகிய ஐஸ். பேர் வைத்தவளும் நான்தான், அமராவதி.

கலியமூர்த்தி உப்பளத்து மேஸ்திரி. அங்கே வேலை செய்த என் தங்கை தமிழ்நிலாவின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் செருப்பைக் கழற்றினாள். அதோடு விட்டானா பாவி? 2005 தை மாதம் பிரம்மதேசத்திலிருந்து அவளைப் பெண் பார்த்துப் போனவர்கள், எல்லா மாப்பிள்ளை வீட்டாரையும் போல, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் எங்களைப் பற்றி விசாரித்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவன் இவன்.

"அந்தப் பொண்ணா? உப்பு லாரி டிரைவருங்களைக் கேளுங்க, நல்லா சொல்லுவாங்க" என்று சிரித்திருக்கிறான்.

பூ வைக்க வரவேண்டியவர்கள் வரவேயில்லை. தமிழ்நிலா வாசல்படி தாண்டுவதையே நிறுத்திவிட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் வயிறு எரிந்தது.

சண்டைக்குப் போனால் ஊர் இன்னும் நாலு கதை கட்டும். அதனால் ஐஸ் போட்டேன். பேரைப் பெரிதாகப் பலகையில் எழுதி மாட்டினேன். மதியம் உப்பளத்திலிருந்து வாய் வறண்டு வரும் பெண்கள் எல்லாரும் அவனிடம் ஏச்சு வாங்கியவர்கள்தானே! கேட்டு வாங்கி நறுக்கென்று கடித்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது.

அடுத்த கோடையில் அவனே வந்தான்.

"பேரை மாத்தும்மா. என் பொண்ணைப் பாக்க வந்தவங்க, யாரு அந்தக் கலியமூர்த்தின்னு டீக்கடையில விசாரிச்சிருக்காங்க. போனவங்க திரும்பலை."

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. இரக்கமும் வரவில்லை.

"அதே டீக்கடையில நின்னு, தமிழ்நிலாவைப் பத்திச் சொன்னது பொய்னு கத்திச் சொல்லு. மாத்தறேன்."

சொன்னான். கூட்டம் பார்க்க, குரல் உடைந்து சொன்னான். நானும் வாக்குத் தவறவில்லை. அன்றே பலகையை அழித்து 'ரோஸ் ஐஸ்' என்று எழுதினேன்.

மறுநாள் அதைச் சரிபார்க்க வந்து நின்றான். உப்பளத்துப் பெண்களும் வந்தார்கள்.

"அக்கா, ரெண்டு கலியமூர்த்தி நாக்கு குடுங்க."

"இன்னும் அப்படித்தானே கேக்குறாங்க!" என்று பதறினான்.

"பலகையை மாத்திட்டேன். ஊர் வாய்க்கு நான் என்ன பண்றது? பிரம்மதேசத்துக்காரங்க காதுல நீ போட்டது போட்டதுதானே. அந்தப் பையனுக்கு வேற இடத்துல கல்யாணமே ஆயிடுச்சு."

பெட்டியைத் திறந்து இரண்டு எடுத்துக் கொடுத்தேன். அவன் கண்ணெதிரிலேயே கடித்தார்கள்.