சுடுகாட்டு மல்லி

என் கொழுந்தன் பலராமனுக்குப் பேப்பர் படிக்கத் தெரிந்ததுதான் எங்களைப் பிடித்த சனி. புற்றுநோய்க்கு ஒரு செடியிலிருந்து மருந்து எடுக்கிறார்கள் என்று டீக்கடையில் படித்துவிட்டு, அந்தச் செடியையே பிடுங்கி வந்து அவன் அண்ணனுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறான். என்னிடம் கீழாநெல்லி என்றான். நானும் நம்பித் தொலைத்தேன்.

சுனாமிக்கு அடுத்த கோடையில், உப்பளத்தில் வேலை நடக்கும்போதுதான் என் வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளடித்தது. கல்லீரலில் புற்று என்று பாண்டிச்சேரி டாக்டர் எனக்கும் பலராமனுக்கும் மட்டும் சொன்னார். வீட்டுக்காரரிடம் வெறும் காமாலை என்று சொல்லி வைத்திருந்தோம். காமாலைக்குக் கீழாநெல்லி எல்லா வீட்டிலும் கொடுப்பதுதானே.

குடிக்கக் குடிக்க அவருக்கு வாந்தி நிற்கவில்லை. விரல்கள் மரத்துப்போய் தம்ளர் நழுவியது. நோய் முற்றிவிட்டதென்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில், அடுப்படியில் பலராமன் போட்டிருந்த இலைக் கட்டை நகர்த்தினேன். உள்ளே ஒரு ரோஸ் நிறப் பூ. உப்பளத்துக்கு அந்தப் பக்கம், பிணம் எரிக்கிற மேட்டில் பூத்துக் கிடக்குமே, சுடுகாட்டு மல்லி, அதுதான். பலராமனை உலுக்கிக் கேட்டேன். பேப்பரில் போட்டிருந்தார்கள் அண்ணி என்று அழுதான். பாவி, அவனை அடிக்கக்கூட நேரமில்லை. பஸ் வந்துவிட்டது.

இலை தழை ஏதாவது கொடுக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு கீழாநெல்லி என்றார். நிஜப் பேரைச் சொன்னால் சுடுகாட்டுச் செடி என்ற பயத்திலேயே இந்த மனுஷன் போய்விடுவார். சொல்லாவிட்டால் அந்தக் கஷாயமே அவரைக் கொண்டுபோய்விடும்.

“கீழாநெல்லி இல்லீங்க. சுடுகாட்டு மல்லி.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதிலிருந்து மருந்து எடுப்பது உண்மைதான், ஆனால் அது வேறு நோய்க்கு, துளி அளவு பார்த்து ஊசியில் ஏற்றுவது, இப்படிக் காய்ச்சிக் குடித்தால் விஷம், இவர் ஈரல் தாங்காது, இனி ஒரு வாய்கூடக் கூடாது என்று கத்தினார். வேறு வகைப் புற்று என்பதைத்தான் என் வீட்டுக்காரர் முன்னால் வேறு நோய் என்று மூடிச் சொன்னார். மறுநாளே வந்து பெட்டில் சேரச் சொன்னார்.

ஊர் திரும்பும் பஸ் கூனிமேடு தாண்டியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மரத்த விரல்களுக்கு அது தெரிந்ததோ என்னவோ.

“அந்த வேற நோவு இன்னா, சரசு?”

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. “புத்து” என்றேன்.

அழுவாரோ, கூச்சல் போடுவாரோ என்று நடுங்கினேன். சுடுகாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷன், என் காதருகே குனிந்தார்.

“அப்ப பலராமன் சரியாத்தான் குடுத்திருக்கான். வீட்ல இன்னும் இருக்குதா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவசரத்தில் கிளம்பியதில் அந்தக் கட்டு அடுப்படியிலேயே கிடந்தது.